அத்தியாயம் 7: வறுத்த தேயிலை மணக்கும் சொக்லேட் குக்கி

யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வறுத்துப் பழகிய எவருக்கும் ஹோஜிச்சா முற்றிலும் புதிய மணம் அல்ல. மல்லியையும் சீரகத்தையும் தாச்சியில் இட்டு, அடி பிடிக்காமல் அகப்பையால் கிளறிக்கொண்டே இருப்போம். நிறம் மாறத் தொடங்கியதும் வீடு முழுக்க ஒரு வாசம் எழும். அப்போதே இறக்கிக் கொட்டிவிட வேண்டும். அரை நிமிடம் முந்தினால் பச்சை வாசம் போகாது. அரை நிமிடம் பிந்தினால் கைப்பு ஏறிவிடும். அந்தத் தருணத்தை நம் வீடுகளில் எவரும் கடிகாரம் பார்த்துப் பிடிப்பதில்லை, மூக்கால்தான் பிடிக்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தின் குக்கிக்கும் அந்த மூக்குத்தான் வேண்டும். இதன் மூன்று முதன்மைப் பொருள்களும் வறுபட்டவை. தேயிலை ஜப்பானில் வறுபட்டு வருகிறது. கொக்கோ விதை சொக்லேட் ஆகும் முன்பே வறுபட்டுவிடுகிறது. பட்டரை நாம் அடுப்பில் வைத்துச் சிவக்க வைக்கிறோம். மூன்றிலும் மணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே வேதிவினை: புரதக்கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து, பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசத்தையும் உண்டாக்குவது. அதை 1912 இல் விளக்கிய லூயி-கமீய் மையார் ஒரு பிரெஞ்சு அறிவியலாளர். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பகெத் பாணின் தோல் மணப்பதும், தாச்சியில் மல்லி மணப்பதும் அதனால்தான்.

எனவே இந்தக் குக்கியின் விதி ஒன்றே. ஏற்கெனவே வறுபட்ட எதையும் மறுபடி கருக விடக்கூடாது. கீழே வரும் அளவு, வெப்பம், நேரம் எல்லாம் இந்த விதியைக் காப்பதற்காகவே சொல்லப்படுகின்றன.

ஹோஜிச்சா என்பது என்ன

ஜப்பானியப் பச்சைத் தேயிலையை உயர்ந்த வெப்பத்தில் சிறிது நேரம் வறுத்தால் கிடைப்பது ஹோஜிச்சா. பெயரின் பொருளும் ‘வறுத்த தேநீர்’ என்பதே. பறித்த இலையை ஆவியில் அவித்து, உருட்டி, உலர்த்தியபின் வறுக்கிறார்கள். 1920களில் கியோத்தோத் தேயிலை வணிகர்கள் முற்றிய இலைகளையும் காம்புகளையும் வீணாக்காமல் வறுத்து விற்றதிலிருந்து இது பரவியது. முற்றிய இலையில் செய்யும் ‘பஞ்ச்சா’ வகையே இதற்கு இன்றும் பெரிதும் பயன்படுகிறது. ஜப்பானிய வீடுகளில் இதை வறுக்க ‘ஹோரொகு’ என்ற மண்சட்டி உண்டு. அதன் கைபிடி உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும். வறுத்து முடிந்ததும் சட்டியைச் சரித்தால் இலை அந்தக் குழாய் வழியே வெளியே விழும். நம் அடுப்படியில் தாச்சியைத் தூக்கிச் சுளகில் கொட்டும் அவசரம்தான் அங்கே கைபிடியாக வடிவம் எடுத்திருக்கிறது.

வறுப்பதால் இலையின் பச்சை நிறம் செம்பழுப்பாகிறது. துவர்ப்பைத் தரும் கட்டெச்சின்கள் குறைகின்றன. ஊற்றிய தேநீர் மென்மையாகவும், வறுத்த கச்சானையும் கருக்கிய சீனியையும் நினைவூட்டும் வாசத்தோடும் இருக்கும்.

காஃபீன் இதில் அறவே இல்லை என்று சிலர் சொல்வது சரியல்ல. ஜப்பானின் உணவுச்சத்து அட்டவணைப்படி 100 மி.லீ. ஹோஜிச்சாத் தேநீரில் சுமார் 20 மி.கிராம் காஃபீன் இருக்கிறது. அதே அளவு கோப்பியில் 60 மி.கிராம். குக்கியில் இலையையே தூளாக்கி உண்கிறோம். நாம் செய்யப்போகும் ஒரு குக்கிக்குள் போவது 1 கிராமுக்கும் குறைவான தேயிலை. ஆனாலும் சிறு பிள்ளைகளுக்கு இரவு படுக்கப்போகும் நேரத்தில் கொடுக்க வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் கொடுங்கள்.

நம் தேயிலைத் தூள் போதாதா?

தேயிலை நாட்டிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்கத்தான் வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்ட நாளிலிருந்து, மலையகத் தமிழரின் உழைப்பில் உலகெங்கும் போனது நம் தேயிலை. ஆனால் அது கறுப்புத் தேயிலை. பறித்த இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட விட்டுக் கறுக்க வைப்பதால் அதன் நிறமும் சுவையும் வருகின்றன. கொதிநீரில் ஊறவைத்து வடித்துக் குடிக்கும்போது அதன் துவர்ப்பைப் பாலும் சீனியும் தணிக்கும். தூளாகவே குக்கி மாவில் போட்டால் வடிப்பதற்கு இடமில்லை. துவர்ப்பு முழுவதும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். சொக்லேட்டின் கைப்பு அதை இன்னும் கூட்டும். ஹோஜிச்சாவின் துவர்ப்பு வறுப்பிலேயே தணிந்துவிட்டதால்தான் அதை முழு இலையாக உண்ண முடிகிறது.

எங்கே வாங்குவது

பாரிசின் லாச்சப்பலில் இருப்பவர்களுக்கு இது தூரம் இல்லை. ரூ காய், ஃபோபூர் சான் தெனி பக்கம் சாமான் வாங்கி முடித்தபின் லூயி பிளாங் நிலையத்துக்கு நடந்து போய் 7ஆம் இலக்க மெட்ரோ எடுங்கள். எட்டாவது நிறுத்தம் பிரமீத். அங்கே இறங்கினால் ரூ சாந்த் ஆன் தெருவும் அதன் சுற்றுப்புறமும். லாச்சப்பல் நமக்கு எப்படியோ, அப்படித்தான் அந்த இடம் பாரிஸ் ஜப்பானியர்களுக்கு. ரூ தே பெத்தி ஷாம் தெருவிலுள்ள ‘கியோக்கோ’ போன்ற ஜப்பானியப் பலசரக்குக் கடைகளில் தேயிலைக்கென்றே தட்டுகள் உண்டு.

பொதியில் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, இலையா தூளா என்பது. பிரெஞ்சில் ‘பூத்ர்’ என்று எழுதியிருந்தால் தூள். குக்கிக்கு உகந்தது இதுவே. விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர் போல இருக்க வேண்டும்.

இரண்டாவது, சேர்க்கைப் பொருள்கள். பால்மாவும் சீனியும் கலந்த ‘லாத்தே’ பொதிகளும் அதே தட்டில் இருக்கும். அவை குடிப்பதற்கு உரியவை. நமக்கு வேண்டிய பொதியில் தேயிலை மட்டுமே எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது, காலாவதித் திகதி. வறுத்த வாசம் பறக்கும் வாசம். சிறிய பொதியாக வாங்கி, திறந்ததும் காற்றுப் புகாத தகரப் பேணியில் போட்டு வையுங்கள். மசாலாப் பெட்டிக்கு அருகில் வேண்டாம். தேயிலை மற்றப் பொருளின் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வீட்டிலேயே வறுக்க

தூள் கிடைக்காவிட்டால் ஜப்பானியப் பச்சைத் தேயிலை, குறிப்பாக விலை குறைந்த பஞ்ச்சா, 20 கிராம் எடுங்கள். எண்ணெய்ப்பசையும் மசாலா வாசமும் இல்லாத தாச்சியை நடுத்தர நெருப்பில் சூடாக்கி, இலையைப் பரப்பிப் போட்டு, தாச்சியை ஆட்டிக்கொண்டே இருங்கள். முதலில் வெந்த புல் வாசம் வரும். பிறகு அது அடங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் இலை பழுப்பாகி, மெல்லிய புகை தலைகாட்டும். அப்போது இறக்கித் தட்டில் கொட்டுங்கள். தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டில் தொடர்ந்து வறுபடும். நன்றாக ஆறியபின் மிக்ஸியில் அரைத்து, மிக நுண்ணிய அரிதட்டில் அரியுங்கள். தட்டில் தங்கும் திப்பியை எறிய வேண்டாம், தேநீராக ஊற்றிக் குடிக்கலாம். மாவுக்குள் திப்பி போனால் பல்லில் மண்போல் நெருடும்.

பொருள்கள் (14 குக்கிகளுக்கு)

பட்டர், உப்பில்லாதது: 150 கிராம்
ஹோஜிச்சாத் தூள்: 12 கிராம்
பழுப்புச் சீனி, ஈரப்பதம் உள்ளது: 130 கிராம்
வெள்ளைச் சீனி: 70 கிராம்
முட்டை: 1, நடுத்தர அளவு
முட்டை மஞ்சட்கரு: 1
கடும் சாயமாக ஊற்றிய ஹோஜிச்சா அல்லது பால்: 15 மி.லீ.
கோதுமை மா, ‘தே 55’ வகை: 210 கிராம்
அப்பச்சோடா: 2 கிராம்
பேக்கிங் பவுடர்: 2 கிராம்
தூள் உப்பு: 3 கிராம்
கறுப்புச் சொக்லேட், 55 முதல் 60 விழுக்காடு கொக்கோ: 100 கிராம்
பால் சொக்லேட்: 70 கிராம்
மேலே தூவக் கல்லுப்புப் பொருக்கு: சிறிதளவு

இவற்றைக் கோப்பையாலும் கரண்டியாலும் அளக்காமல் தராசில் நிறுங்கள். பாரிசில் தமிழ்க் கைகள் வெதுப்பகத் தொழிலில் எங்கே எட்டியிருக்கின்றன என்பதை 2023 இல் நகரமே பார்த்தது. 20ஆம் வட்டாரத்தில் ‘ஓ லெவன் தே பிரெனே’ வெதுப்பகத்தை நடத்தும் தர்ஷன் செல்வராஜா, அந்த ஆண்டு பாரிசின் சிறந்த பகெத்துக்கான நகரப் பரிசை வென்றார். எலிசே மாளிகைக்கு ஓராண்டு பாண் வழங்கும் பொறுப்பும் பரிசோடு அவருக்குக் கிடைத்தது. அந்தப் போட்டியில் நீளமோ எடையோ விதிக்குள் அடங்காத பகெத், நடுவர்கள் வாயில் வைக்கும் முன்பே விலக்கப்படும். சுவைக்கு முன் அளவு என்பது இந்த நகரத்து வெதுப்பகங்களின் ஒழுக்கம். வீட்டில் 2 கிராம் சோடா 4 கிராமாகிவிட்டால் உங்கள் குக்கியில் தேயிலை மணக்காது, சவர்க்காரம்தான் மணக்கும். 1 கிராமைக் காட்டும் தராசு ஒன்று சமையலறையில் இருக்கட்டும்.

பொருள்களைத் தெரிவு செய்தல்

மா: பிரான்சில் மாப் பொதியில் ‘தே’ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், அந்த மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவைக் குறிக்கிறது. எண் கூடக்கூட மாவில் தவிடு கூடும். 55 நமக்குப் போதும். 45 இருந்தாலும் குறையில்லை.

சீனி: மெல்லும்போது இழுபடும் பதம் வேண்டுமானால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பழுப்புச் சீனி கட்டாயம். இந்த நாட்டுக் கடைகளில் எல்லோர் கையும் ‘கசொனாத்’துக்குத்தான் போகும். அது கரும்புச் சீனிதான், நிறமும் உண்டு. ஆனால் உலர்ந்த பரல். நமக்கு வேண்டியது ‘வெர்ஜுவாஸ் புரூன்’. கையில் அள்ளிப் பிடித்தால் ஈரமணல் போல உருண்டையாக நிற்கும். வட பிரான்சின் பழைய இனிப்புகளுக்கு உரிய சீனி அது. முஸ்கொவாதோவும் பொருந்தும்.

லாச்சப்பல் கடைகளில் பனங்கட்டி கிடைத்தால், பழுப்புச் சீனியில் 50 கிராமைக் குறைத்து அதே அளவு பனங்கட்டியைச் சீவிப் போடுங்கள். பதநீர் காய்ச்சிய அந்தப் புகைமணமும் ஹோஜிச்சாவும் நன்றாகப் பொருந்தும். முழுவதையும் பனங்கட்டியாக்க வேண்டாம். அது தேயிலையை மேவிவிடும்.

சொக்லேட்: இந்தக் குக்கியில் பலர் செய்யும் தவறு, நல்லது செய்வதாக எண்ணி 70 விழுக்காட்டுச் சொக்லேட்டை அள்ளிப் போடுவது. நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். சுவையான சொக்லேட் குக்கி கிடைத்தது. தேயிலையை அதில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாவிலே கொக்கோத் தூள் கலக்காததற்கும் காரணம் இதுவே. மாவு தேயிலைக்கு, கட்டிகள் சொக்லேட்டுக்கு என்று இடம் பிரித்துக் கொடுத்தால் இரண்டும் வாயில் தனித்தனியே தெரியும். பால் சொக்லேட்டின் பால்சுவை ஹோஜிச்சாவைத் தூக்கிக் கொடுக்கும்; கறுப்புச் சொக்லேட் இனிப்பைக் கட்டுப்படுத்தும். இரண்டும் வேண்டும். பைகளில் விற்கும் சிறு சொட்டுகளைவிடப் பாளமாக வாங்கிக் கத்தியால் வெட்டியதே நல்லது. பெரிய துண்டு உருகித் தேங்கும், சிறு துகள் மாவெங்கும் பரவும்.

பட்டர்: பொதியில் ‘து’ என்று இருப்பது உப்பில்லாதது, ‘தெமி-செல்’ என்று இருப்பது உப்புக் கலந்தது. உப்புக் கலந்தது மட்டுமே வீட்டில் இருந்தால் அதையே எடுத்து, 3 கிராம் தூள் உப்பை விட்டுவிடுங்கள். மாஜரின் உதவாது, சிவக்க வைக்க அதில் பால்கூறு இல்லை.

செய்முறை

1. பட்டரைச் சிவக்க வைத்தல். உட்புறம் வெளிர்நிறமாக உள்ள பாத்திரத்தில் பட்டரைத் துண்டுகளாகப் போட்டு நடுத்தர நெருப்பில் உருக்குங்கள். நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் கறுப்புப் பாத்திரம் வேண்டாம். முதலில் சடசடவென்று சத்தம் வரும். அது நீர் ஆவியாகும் சத்தம். சத்தம் அடங்கி நுரை பொங்கும்போது அடியில் பால்கூறுகள் சிவக்கத் தொடங்கும். வீட்டில் நெய் உருக்கியவர்களுக்குத் தெரிந்த கட்டம் இது. கசண்டு பொன்பழுப்பாகி, வறுத்த பருப்பு வாசம் வந்ததும் அடுப்பை அணைத்து, உடனே வேறொரு கிண்ணத்தில் கசண்டோடு சேர்த்து ஊற்றுங்கள். கறுத்த புள்ளிகள் தெரிந்தால் அதை வைத்துத் தொடர வேண்டாம், புதிதாகச் செய்யுங்கள். இப்போது நிறுத்தால் 125 கிராமளவு இருக்கும். குறைந்தது நீர்தான்.

2. தேயிலை ஊறுதல். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஹோஜிச்சாத் தூளை அரித்துக் கொண்டே பட்டரில் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கொதிக்கும் பட்டரில் போட்டால் தூள் மறுபடி வறுபட்டுக் கைக்கும். சூடு மிதமானபின் சேர்த்தால் வாசம் கொழுப்பில் இறங்கும். மூடி 20 நிமிடம் வையுங்கள். அதன்பின் கிண்ணத்தின் வெளிப்புறம் கைக்கு இளஞ்சூடாக இருக்க வேண்டும்.

3. இதற்கிடையில் 3 கிராம் ஹோஜிச்சா இலையில் 40 மி.லீ. கொதிநீர் ஊற்றி மூன்று நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். அதில் 15 மி.லீ. நமக்கு. பட்டரிலிருந்து ஆவியான நீரை இது ஈடு செய்யும். நீர் குறைந்தால் குக்கி மெல்லும் பதத்தை இழந்து நொறுங்கும். இலை கையில் இல்லாவிட்டால் பால் போதும்.

4. பட்டரில் இரண்டு சீனியையும் போட்டு ஒரு நிமிடம் அடித்துக் கலக்குங்கள். பிறகு முட்டை, மஞ்சட்கரு, தேநீர் மூன்றையும் சேர்த்து மேலும் ஒரு நிமிடம் அடியுங்கள். கலவை தடித்து மினுங்கும். மேலதிக மஞ்சட்கரு கொழுப்பைக் கூட்டி மென்மை தரும். இன்னொரு முழு முட்டை போட்டால் வெள்ளைக்கரு குக்கியைக் கேக்காக்கிவிடும்.

5. மா, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் ஒன்றாக அரித்துச் சேர்த்து, தட்டையான அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். பிசையக் கூடாது. உலர்ந்த மா இங்குமங்கும் கோடாகத் தெரியும்போதே சொக்லேட் துண்டுகளைப் போட்டு, இன்னும் ஏழெட்டுப் புரட்டில் முடித்துவிடுங்கள். ரொட்டிக்கு நல்லதான பிசைவு இங்கே குக்கியைக் கடினமாக்கும்.

6. அரைமணி நேரம் வெளியே வைத்தால் மாவு இறுகும். 55 கிராம் உருண்டைகளாக நிறுத்து உருட்டி, மூடிய பெட்டியில் அடுக்கிப் பிரிட்ஜில் வையுங்கள். குறைந்தது 12 மணி நேரம். 24 மணி நேரம் என்றால் நிறைவு. மூன்று நாள் வரை வைக்கலாம்.

7. ஓவனை 175 பாகைக்குச் சூடாக்குங்கள். காற்றுச் சுழலும் வகையென்றால் 165 போதும். தட்டில் பேக்கிங் தாள் விரித்து, உருண்டைகளை நன்றாக இடைவெளி விட்டு ஆறுக்கு மேல் வைக்காமல், நடுத்தட்டில் 11 முதல் 12 நிமிடம் விடுங்கள்.

8. விளிம்பு இறுகி, நடு இன்னும் வேகாதது போல உப்பலாகத் தெரியும்போது எடுத்துவிடுங்கள். தட்டை மேசையில் ஒருமுறை தட்டினால் நடு அமர்ந்து வரி விழும். குக்கியைவிட அகன்ற வாயுள்ள கிண்ணத்தைக் கவிழ்த்து, அதனுள் குக்கியைச் சுழற்றினால் வட்டம் சீராகும். உப்புப் பொருக்கு சிறிது தூவிப் பத்து நிமிடம் தட்டிலேயே விடுங்கள். மீதி வேக்காடு தட்டின் சூட்டில் நடக்கும்.

ஏன் ஒருநாள் காத்திருக்க வேண்டும்

மாவைச் செய்த அன்றே சுட்டாலும் உண்ணலாம். ஆனால் காத்திருக்கும் நேரத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன. மா, முட்டையிலும் தேநீரிலும் உள்ள நீரை முழுதாக உறிஞ்சுகிறது. அதனால் குக்கி அதிகம் பரவாது, சீராகச் சிவக்கும். பட்டர் இறுகுவதால் ஓவனில் மெதுவாக உருகி, நடுப்பகுதி தடிப்பாக நிற்கிறது. தேயிலைத் தூளும் ஊறி, மாவோடு ஒன்றாகிறது. தோசை மாவைப் புளிக்க விட்டு மறுநாள் ஊற்றும் வீட்டுக்கு ஓர் இரவு காத்திருப்பது பெரிய காரியமா?

முடிவில் கிடைக்கும் பதம் இப்படி இருக்க வேண்டும்: விளிம்பு மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே தொதலைக் கடித்தது போல் இழுபட்டு விடுபடும் மென்மை. பிட்டால் இரு பாதிகளும் ஒரே நொடியில் ‘டக்’கென்று பிரியக் கூடாது.

உங்கள் ஓவனை அறியுங்கள்

பாரிசின் பழைய வாடகை வீடுகளில் பாகைக்குப் பதிலாக 1 முதல் 10 வரை எண்கள் பொறித்த ஓவன்கள் இன்னும் உண்டு. எண்ணை 30 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ பாகை வரும்: 6 என்றால் 180. நமக்கு 6 ஐச் சற்றுத் தொடாமல் நிறுத்த வேண்டும். எண் என்ன சொன்னாலும் ஒவ்வொரு ஓவனுக்கும் தனிக் குணம் உண்டு. எனவே முதல் தடவை ஓர் உருண்டையை மட்டும் சுட்டுப் பாருங்கள். அது சொல்லும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு மீதியைச் சுடுங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம் என்பதையும் மனதில் வையுங்கள். ஹோஜிச்சா மாவு பச்சையாக இருக்கும்போதே பழுப்பு. சாதாரணக் குக்கி பொன்னிறமாவதைப் பார்த்து இறக்குவோம். இங்கே அந்த அடையாளம் இல்லை. விளிம்பைக் கரண்டியால் தொட்டுப் பாருங்கள், இறுகியிருந்தால் போதும். ஓவனிலிருந்து கருகிய வாசம் வரும்வரை காத்திருந்தால் தேயிலை போய்விட்டது என்று பொருள்.

பிழையும் திருத்தமும்

தட்டெங்கும் பரவி அடைபோல் ஆகிவிட்டதா? மாவு குளிரவில்லை, அல்லது பட்டர் சூடாக இருக்கும்போதே சீனி சேர்த்துவிட்டீர்கள். மீதி உருண்டைகளை அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்துச் சுடுங்கள்.

பரவாமல் உருண்டையாகவே நிற்கிறதா? மா கூடிவிட்டது. அடுத்த தட்டுக்கு உருண்டைகளை உள்ளங்கையால் இலேசாக அமத்தி வையுங்கள்.

கைக்கிறதா? பட்டர் கறுத்திருக்கும், அல்லது கொதிபட்டரில் தூள் விழுந்திருக்கும், அல்லது வீட்டில் இலையை அதிகம் வறுத்திருப்பீர்கள். இதற்குச் சீனி கூட்டுவது மருந்தல்ல. மூன்றில் எது என்று பார்த்து அதைத் திருத்துங்கள்.

தேயிலை மணக்கவில்லையா? பொதி திறந்து நெடுநாளாகியிருக்கும், அல்லது சொக்லேட்டின் கொக்கோ விழுக்காடு கூடியிருக்கும். தூளை 14 கிராம் வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் வாய் உலரும்.

மறுநாள் கல்லாகிவிட்டதா? ஓரிரு நிமிடம் கூடுதலாக வெந்துவிட்டது, அல்லது பழுப்புச் சீனிக்குப் பதில் உலர்ந்த சீனி போட்டிருப்பீர்கள். பேணிக்குள் ஒரு துண்டுப் பாணை வைத்து மூடினால் அதன் ஈரத்தில் ஓரளவு இளகும்.

முட்டையில்லாமல்

வெள்ளிக்கிழமையும் விரத நாளும் பார்க்கும் வீடுகளுக்கு முட்டையில்லாத முறை வேண்டும். ஆகஸ்ட் முடிவில் ரூ பஜோல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் லாச்சப்பல் தெருக்களில் வரும் நாட்களில், தூர இடங்களிலிருந்தும் உறவினர் வந்து இறங்குவார்கள். அப்போது தட்டில் வைப்பது எல்லோரும் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

முட்டைக்கும் மஞ்சட்கருவுக்கும் பதிலாக 60 கிராம் ரின்பாலும் 20 மி.லீ. சாதாரணப் பாலும் சேருங்கள். ரின்பாலிலேயே சீனி இருப்பதால் வெள்ளைச் சீனியை 70 இலிருந்து 40 கிராமாகக் குறையுங்கள். ரின்பாலின் பாற்கூறு ஓவனில் விரைவில் சிவக்கும். பத்தாவது நிமிடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் குக்கி சற்று மிருதுவாக, பால்ரொபியின் சாயலோடு வரும். ஹோஜிச்சாவோடு அது தனியான ஒரு சுவை. குறையென்று எண்ண வேண்டாம்.

பிறருக்குக் கொடுக்கும்போது கோதுமை, பால், முட்டை மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலான சொக்லேட்டில் சோயா லெசித்தினும் இருக்கும். பிள்ளைகளின் பள்ளி விழாவுக்கு அனுப்பினால் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

வைத்திருப்பதும் பரிமாறுவதும்

காற்றுப் புகாத பேணியில் நான்கு நாள் மென்மை குன்றாது. சுடாத உருண்டைகளை உறைபெட்டியில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். எடுத்த உடனேயே, உருக விடாமல், இரண்டு நிமிடம் கூட்டிச் சுடுங்கள். விருந்தினர் படி ஏறும் நேரத்தில் நான்கு உருண்டைகளை உள்ளே தள்ளினால், கோட்டைக் கழற்றி உட்காரும்போது வீடு மணக்கும்.

கூடக் குடிக்கச் சீனி போடாத ஹோஜிச்சாவே முதல் தெரிவு. வெறுந்தேநீரும் நன்று, அதன் துவர்ப்பு பட்டரை நாக்கிலிருந்து துடைக்கும். ஏலக்காயும் இஞ்சியும் தட்டிப் போட்ட பால்தேநீரை மட்டும் வேறு நாளைக்கு வையுங்கள். அந்த மணங்களுக்கு முன்னால் வறுத்த இலை பேச முடியாது.

கடைசியாக ஒரு பயிற்சி. முதல் தட்டில் ஒரு குக்கியைச் சுட்ட 20 நிமிடத்திலும், இன்னொன்றை மறுநாள் காலையிலும் சாப்பிடுங்கள். சூட்டில் சொக்லேட்டே முன்னால் நிற்கும். காலையில் சொக்லேட் இறுகி அடங்கியிருக்கும்; அப்போதுதான் தேயிலை தெரியும். இரண்டு வேளையும் என்ன மணந்தது, எத்தனை நிமிடம் சுட்டீர்கள் என்று இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு இரண்டாம் முறை செய்யும்போது இது உங்கள் ஓவனுக்கும் உங்கள் கைக்கும் உரிய குக்கியாக வரும்.